லிஃப்ட் மெக்கானிக் டென்சிலைப் பட்டாளம் கூப்பிட்டது

1
இந்தக் கதை காக்ஸ் டவுன் பேக்கரி வாசலில், என் வாயில் பாதி பஃப்ஸ் இருக்கும்போது பிறந்தது. நண்பன் டென்சில் வந்து, "மச்சி, பட்டாளத்துல கூப்ட்டாங்க" என்றான். நான் எழுத நினைத்திருந்ததோ அவன் சேர்ந்திருக்கும் பகுதிநேரப் படையான பிராந்திய ராணுவத்தின் வரலாறு.

2
முதல் தொடக்கம்: "1949-இல் சுதந்திர இந்தியா தன் பிராந்திய ராணுவத்தை..." (பாடப்புத்தக வாடை. விட்டாச்சு.)

இரண்டாவது: "அதற்கு முன் கன்டோன்மென்ட்டில் துப்பாக்கி பிடித்த தொண்டர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும்தான், நம் ஆட்கள்..." (நல்ல வரி. ஆனால் டென்சில் காத்திருக்கிறான்.)

3
வருடத்தில் இரண்டு மாதம் பட்டாளப் பயிற்சி முகாமில் அவன் ஹவில்தார். மற்ற நாளெல்லாம் பிரேசர் டவுன் அபார்ட்மென்ட்களில் கிரீஸ் கை. இந்த முறை பயிற்சி இல்லை, பணி. எப்போது திரும்புவான் என்று தெரியாது. ஆறு வருடமாகக் காத்திருந்த சூப்பர்வைசர் நேர்காணலும் அழைப்பு வந்த அதே வாரம்.

லிஃப்ட் கம்பெனி மேனேஜர் ஐரின் மேடம் நேர்காணல் அறைக்குள் வந்ததும் டென்சில் விறைப்பாக எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் விழுந்தது.

"உக்காருப்பா, இது பார்டர் இல்ல."

"சாரி மேடம். பழக்கம்."

"போஸ்ட் உனக்குத்தான். ஆனா திங்கட்கிழமையே சேரணும்."

"திங்கட்கிழமை பட்டாலியன்ல ரிப்போர்ட் பண்ணணும் மேடம்."

"திரும்பி வந்தா பழைய சீட் இருக்கும், அது சட்டம். மேல இருக்கிற சீட்டைப் பத்திச் சட்டம் பேசலையே?"

வெளியே, அதே பதவிக்கு வந்திருந்த ரித்விக் சிரித்தான். "இன்னா குரு, லீவு சிப்பாய்! டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்துட்டு நின்னுடேன்."

"மேல் சீட்ல நீயே உக்காரு குரு. அந்த மசூதி ரோடு லிஃப்ட்டை மட்டும் பாத்துக்கோ, ஆள் மாட்டிக்கும்."

4
(இவ்வளவு உறுதியான ஆள் கதைக்கு ஆவானா? கொஞ்சம் கலங்கவிட்டுப் பார்த்தேன்.) "டென்சில் விடியவிடியத் தூங்காமல்..." என்று எழுதி வாட்ஸ்அப்பில் அவனுக்கே அனுப்பினேன். உடனே போன்.

"யார்டா தூங்கல? குறட்டை விட்டேன். லீனாவைக் கேளு."

"தெருவே சாட்சி!" என்றாள் அவன் மனைவி, பின்னாலிருந்து.

"வருத்தமா இல்லையா?"

"இருக்குடா, ஆறு வருஷம்! ஆனா யாரும் என்னைப் புடிச்சுச் சேக்கல. நானா கையத் தூக்கினேன். முகாம்ல சிப்பாய், கூப்ட்டா மெக்கானிக்கா?"

5
முடிவு அ: அவன் வரும்வரை ஐரின் மேடம் பதவியைக் காலியாக வைக்கிறார்.

முடிவு ஆ: திரும்பி வருபவன் ரித்விக்கிடம் "சரி சார்" என்கிறான்.

முடிவு இ: டென்சில் போகாமல்... (அடித்துவிட்டேன்.)

ஞாயிறு காலை, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மூன்று முடிவையும் டென்சிலுக்குப் படித்துக் காட்டினேன். ரயில் நகர்ந்ததும் கதவோரம் நின்று கத்தினான்: "எப்படி வேணா முடிடா! நான் போனதை மட்டும் மாத்தாத!"

அ-வா, ஆ-வா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வண்டி புறப்பட்டுவிட்டது.