யானை வெந்த ஞாயிற்றுக்கிழமை

அருணா ஒரு கையில் தக்காளியும் மறு கையில் மகளுமாக அங்கன்வாடிக்குள் நுழைந்தாள். சமையலைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது முந்தானையில் ஒட்டியிருந்த கடுகைப் பார்த்தாலே தெரிந்தது. பிள்ளைகள் சத்துமாவு உருண்டையைத் தின்றபடி அவளை நிமிர்ந்து பார்த்தன. ருக்குமணி டீச்சர் பாயை விட்டு எழுந்தாள்.

"டீச்சர், இவளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறுங்க. செகப்பு டம்ளர எடுத்துட்டு வா கண்ணுன்னா வெள்ள டம்ளரக் கொண்டாந்து நீட்டுறா. திரும்ப அனுப்புனா திரும்ப அதையே கொண்டாரா. எங்கண்ணனுக்கு இருக்கறதுதானுங்க இவளுக்கும் வந்துருச்சு."

அவள் அண்ணன் தனபாலை மலைமேல் அரியூர் நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. டிரைவர் வேலைக்குப் போய், கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தவன். காபிப் பழம் பறிக்கக்கூட அவனை யாரும் கூப்பிடுவதில்லை, பழத்தோடு பச்சைக்காயையும் சேர்த்து உருவிக் கூடையில் போட்டுவிடுவான். கிண்டல் செய்பவர்களோடு சேர்ந்து அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அருணா பயந்துபோயிருந்தாள்.

ருக்குமணிக்கோ தன் பிள்ளைகள் மேல் அபார நம்பிக்கை. நிறம், வடிவம், பாட்டு எல்லாம் அத்துப்படி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள். "அடப் போ அருணா, எம்புள்ளைக்கா தெரியாது?" என்று அலமாரியிலிருந்த பொம்மைகளை எடுத்துப் பாயில் பரப்பினாள். "யாழினிக் கண்ணு, செகப்பு எது? எடுத்தா சாமி."

அதுவரை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்த யாழினி சட்டென்று மலர்ந்தாள். நாலே வயது, ஓடிய வேகத்தில் பாய் சுருண்டது. யானையைத் தூக்கி வந்து டீச்சர் கையில் கொடுத்தாள். ருக்குமணி யானையை உயர்த்திப் பிடித்து, "பாத்தியா!" என்றாள்.

அருணா யானையைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். மிகுந்த மரியாதையோடு கேட்டாள், "டீச்சர்... இது செகப்புங்களா?"

அப்போதுதான் ருக்குமணி அந்த யானையைப் பார்த்தாள். பழைய பல்லின் நிறத்தில் இருந்தது. வாத்தும் பந்தும் கிண்ணமும் அதே நிறத்தில்தான் இருந்தன. வந்த புதிதில் யானை மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அலமாரிக்கு மேலே கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடித் தகடு வழியாக வெயில் இறங்கி, இத்தனை காலமாக அவற்றின் சாயத்தை நக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தினமும் பார்க்கிற முகத்தில் நரை தெரியாதது போல இதுவும் அவள் கண்ணில் படவில்லை. மற்ற பிள்ளைகளிடம் திரும்பி "மஞ்சள் எது?" என்றாள். "வாத்து!" என்று அத்தனையும் ஒரே குரலில் கத்தின. நீலம் பந்து. பச்சை கிண்ணம். வெளுத்துப்போன நாலு பொம்மைகளை வைத்து உலகத்தின் நிறங்களையெல்லாம் ஒரு கூட்டத்துக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

"அருணா, தப்பு எம்மேலதான். நாந்தான் அப்படிச் சொல்லிக் குடுத்திருக்கறேன். புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க" என்று அருணா கண்ணைத் துடைத்தாள். தக்காளியை நீட்டி மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். யாழினி கண்களை இறுக மூடிக்கொண்டாள். நிறம் என்று பேச்செடுத்தாலே அம்மா அழுகிறாள் என்பது அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. இனி கெஞ்சினாலும் மிஞ்சினாலும் அவள் வாயைத் திறக்கப்போவதில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நாமக்கல் கண்ணாஸ்பத்திரிக்குப் போகப்போவதாக அருணா சொன்னாள்.

"போறது போ. போறதுக்கு முன்னாடி இங்க ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றாள் ருக்குமணி. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை கண்ணில் கோளாறு இல்லையென்று வாய் சொல்லிவிட்டது. மனசு அப்படிச் சொல்லவில்லை. ஒருவேளை இரண்டும் இருந்தால்? மாமனின் கண்ணும் டீச்சரின் மடத்தனமும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு வாய்த்திருந்தால்?

சனிக்கிழமை மலையை விட்டுச் சேந்தமங்கலம் இறங்கினாள். புதுப் பொம்மை வாங்கலாம் என்றுதான் போனாள். கடைகளில் துப்பாக்கியும் பாட்டுப் பாடும் செல்போனும்தான் தொங்கின. தவிரவும் யோசித்துப் பார்த்தால், பொய் சொன்னது அந்த யானை. திருத்திச் சொல்ல வேண்டியதும் அதே யானைதான். பெயின்ட் அடித்தால் நாலு நாளில் உரிந்து பிள்ளைகளின் நகத்துக்குள் போய்விடும். எப்போதும் ரவிக்கைத் துணி எடுக்கும் சேக் மைதீன் கடையில் போய் உட்கார்ந்து, கல்லாவில் இருந்த அவர் மனைவி ஹாஜிரா பீவியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஹாஜிரா பீவி சிரித்த சிரிப்பில் துணி அளக்கும் கோல் கீழே விழுந்தது.

"துணிக்குப் போடற சாயத்துலயே முக்கி எடுங்க டீச்சரம்மா."

"பிளாஸ்டிக்குல சாயம் ஏறுமாங்க?"

ஹாஜிரா பீவி மேசைக்கடியிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து மூடியைக் காட்டினாள். உள்பக்கம் முழுக்கக் குழம்பின் மஞ்சள். "இதத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை ரேகை அழிஞ்சுபோச்சு. மஞ்சள் அப்படியே நிக்குது. வேண்டாத எடத்துல ஏறும்போது வேண்டிய எடத்துல ஏறாதா? ஆனா பருத்திச் சாயம் சரிப்படாது, பாலியஸ்டர் சேலைக்குப் போடறது எடுத்துக்கங்க. தண்ணி நல்லாச் சூடா இருக்கணும், கொதிக்க மட்டும் விட்டுராதீங்க. முக்கி எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவி வெள்ளைத் துணியில தேய்ங்க. ஒட்டுனா மறுபடி கழுவுங்க. வாயில வைக்கிற வயசுப் புள்ளைங்ககிட்டக் குடுக்காதீங்க."

இவ்வளவையும் ருக்குமணி தலையாட்டிக் கேட்டாள். மலையேறும் பஸ்ஸில், மடியில் நாலு சாயப் பொட்டலங்களோடு, ஒருமுறை தனக்குத்தானே சொல்லியும் பார்த்தாள். ஆனால் மலைக்காரிக்கு அடுப்பும் பானையும் கிடைத்துவிட்டால் புத்தி ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டி, குச்சிக்கிழங்கு வேகவைக்கும் பழைய அலுமினியக் குண்டானை ஏற்றி, மஞ்சள் சாயத்தில் வாத்தைப் போட்டாள். அதுவரை சரி. பிறகு கிழங்குக்குச் செய்வது போலவே தட்டைப் போட்டு மூடி, அடியில் இரண்டு விறகைத் தள்ளிவிட்டு, கோழிக்கு இரை போடப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் குண்டான் தளதளவென்று கொதிக்கிறது. வாத்து அருமையான மஞ்சளில் மிதந்தது. கழுத்துதான் துவண்டு, முதுகில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ!" என்ற சத்தம் கேட்டு அவள் கணவன் மாணிக்கம் மிளகுக்கொடிக்குப் போட்டிருந்த ஏணியிலிருந்து இறங்கி வந்தான். வாத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்குது. நம்மூரு வாத்து மத்தியானத்துல இப்படித்தான் தூங்கும்" என்றான்.

அடுப்பைத் தணித்து, பச்சைச் சாயத்தில் கிண்ணத்தைப் பொறுமையாகப் போட்டாள். வாழைக்குருத்துப் பச்சையில் எழுந்து வந்தது. அடுத்தது யானை. சிவப்புப் பொடியைக் கரைத்து, யானையை இறக்கி, மூடாமல் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். முதலில் காதோரம் ரோஜா நிறம் கசிந்தது. பிறகு தும்பிக்கை. பிறகு வயிறு. வெயில் இத்தனை நாள் திருடியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதை அவள் வாய் பிளந்து பார்த்தாள். நன்றாக ஏறிவிட்டதா என்ற சந்தேகம் வந்ததும் கை தானாகப் பக்கத்திலிருந்த மூங்கில் சிம்பை எடுத்து, வெந்துவிட்டதா என்று கிழங்கைக் குத்திப் பார்ப்பது போல யானையின் முதுகில் ஒரு குத்து விட்டது. சூட்டில் இளகிக் கிடந்த யானை மறுப்பேதும் சொல்லவில்லை. முதுகில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி விழுந்தது.

"யானை வெந்துருச்சுங்களா டீச்சரம்மா?" என்றான் மாணிக்கம். அவள் கோபப்பட வேண்டியவள்தான். சிரிப்பு முந்திக்கொண்டது. இரண்டு பேரும் அடுப்புப் புகையில் கண்ணீர் வழியச் சிரித்தார்கள்.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மீந்த சிவப்புத் தண்ணீரில் துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டாள், சீப்பைப் போட்டாள், மாணிக்கம் தடுப்பதற்குள் அவன் சோப்பு டப்பாவையும் போட்டாள். எல்லாம் சிவந்தன. பந்து ஒன்றுதான் எதற்கும் மசியவில்லை. நீலத்தில் முக்கி முக்கி எடுத்தாள், சேப்பங்கிழங்கு இலையில் விட்ட தண்ணீராகச் சாயம் வழிந்து ஓடியதே தவிர ஒரு பொட்டு ஒட்டவில்லை. அது வேறு சாதிப் பிளாஸ்டிக் போல. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் அழுக்குப் போய், முன்னைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது.

சாயங்காலம் பொம்மைகளை மாணிக்கத்தின் பழைய வேட்டியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். துணியில் நிறம் ஒட்டவில்லை. அவள் விரல்கள்தான் நகக்கண் வரை சிவந்திருந்தன, கல்யாணப் பெண்ணின் மருதாணிக் கை மாதிரி. மாணிக்கம் சிவப்புச் சீப்பால் தலையை வாரிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்.

"நாளைக்கு அந்தப் புள்ளைகிட்டச் செகப்பு எடுன்னா யானையத்தான எடுப்பா? வெளுத்திருந்தப்பவும் அதைத்தான எடுத்தா?"

ருக்குமணி தேய்ப்பதை நிறுத்தினாள். இரண்டு நாளாக ஓடிய ஓட்டத்தில் இது அவளுக்குத் தோன்றவேயில்லை. நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் யாழினி யானையைத்தான் எடுப்பாள். அருணா சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் பிள்ளைக்கு நிறம் தெரிகிறதா என்பது மட்டும் டீச்சருக்குத் தெரிந்திருக்காது. இதற்கா ஒரு யானையைக் குத்தினோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை அருணா பட்டணத்துக்குப் போகும் சேலையில் வந்தாள். துணைக்குத் தனபாலும் வந்திருந்தான். பிள்ளைகள் பொம்மைகளைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் வேலியில் உட்கார்ந்திருந்த மைனா பறந்தது. தூங்கும் வாத்துக்கு அதற்குள் ஒருத்தி தாலாட்டத் தொடங்கிவிட்டாள். தனபால் யானையையும் கிண்ணத்தையும் இரண்டு கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்லா இருக்குதுங்க டீச்சர்" என்று சிரித்தபடி கீழே வைத்தான். அருணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செகப்பு எது கண்ணு?" என்றாள் ருக்குமணி.

யாழினி யானையை எடுத்தாள். அருணா அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துட்டாளுங்க டீச்சர்! எடுத்துட்டா!" என்று அழுதாள். ருக்குமணி சிரிக்க முயன்றாள், முடியவில்லை. யானையை வாங்கக் கையை நீட்டினாள்.

யாழினி யானையைத் தரவில்லை. நீட்டிய கையையே உற்றுப் பார்த்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்து, யானையின் வயிற்றோடு சேர்த்து வைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "டீச்சரு, நீயும் செகப்பு" என்றாள்.

ருக்குமணி நீட்டிய கையை மடக்காமல் வைத்திருந்தாள். அசைந்தால் கெட்டுவிடும் என்று பயந்தாள். யாழினி யானையை இடுக்கிக்கொண்டு வாசல் கொடிக்கம்பிக்கு ஓடி, டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்த சிவப்புக் கிளிப்புகளில் அதை ஒட்டிப் பார்த்தாள். அம்மாவின் பொட்டில் ஒட்டிப் பார்த்தாள், அருணா குனிந்து கொடுத்தாள். பிறகு வேலியோரக் காபிச் செடிக்கு ஓடினாள். தை மாதம், கிளையெல்லாம் காயும் பழமுமாகக் கலந்து கிடந்தது. பச்சைக்காய்களை விரலால் ஒதுக்கி ஒதுக்கி, உள்ளே இருந்த ஒரு பழத்தை மட்டும் கிள்ளி எடுத்து, யானையின் முதுகுக் குழியில் வைத்து அழுத்தினாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

தனபால் அவள் பக்கத்தில் குந்தினான். அவனும் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "இது பழமா சாமி?"

"காயி மாமா" என்றாள் யாழினி. அவன் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டு, பழம் ஒன்றைப் பறித்து வைத்தாள். அவன் ஊரார் முன்னால் சிரிக்கும் சிரிப்பு அல்ல, வேறொரு சிரிப்புச் சிரித்தான். வளைவில் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்துவிட்டுப் போனது. அருணா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ருக்குமணி யாரும் பார்க்காதபடி கண்களைத் துடைத்தாள்.

யாழினி ஓடி வந்து பாயில் மீந்திருந்த பந்தை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யானையில் ஒட்டிப் பார்த்தாள், கிண்ணத்தில், வாத்தில். எதிலும் சேரவில்லை.

"டீச்சரு, இது நீலமில்லதான?"

"இல்ல சாமி."

"அப்ப இது என்ன?"

ருக்குமணி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அலமாரி நிறைய அந்த ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு, அதை மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவேயில்லை.

"வெள்ள" என்றாள்.

யாழினி அந்த வார்த்தையை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பந்தோடு வாசலுக்குப் போய்ச் சுற்றிலும் தேடினாள். சில்வர் ஓக் மரங்களுக்கு மேலாக மேகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் குதிகாலை உயர்த்தி, இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி அதன்மேல் ஒட்டவைத்து, சரிதானா என்று கழுத்தைத் திருப்பி டீச்சரைப் பார்த்தாள்.