தம்பிக்கு வயது நாற்பத்தெட்டு

பெண் வீட்டார் சொல்லும் வயதை நம்புகிற ஆள் நான் இல்லை. ஜாதகத்தை இப்போது கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள். வேண்டிய வருஷத்தைப் போட்டுத் தருவான். என் தம்பி ஜெயகணேஷுக்குத் திருச்செந்தூரில் பார்த்த சண்முகப்ரியாவுக்கு இருபத்தொன்பது என்று அவள் அப்பா பேச்சிமுத்து சொன்னதும் நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. தூத்துக்குடியில புதுசா ஒரு லேப் திறந்திருக்காங்க. எச்சிலைக் குடுத்தா போதும், உடம்புல உள்ள செல்லுக்கு என்ன வயசுன்னு சொல்லிருதாங்க. அதையும் ஒருக்கா பாத்துருவோம்."

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் பதறவே இல்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள்.

"குடுக்கேன் அக்கா. உங்க தம்பியும் குடுக்கட்டும்."

திமிரைப் பாருங்கள். "தாராளமா" என்றேன். என் தம்பிக்கு முப்பத்து நான்கு. பத்தொன்பது வயதில் சவுதிக்குப் போய் ரிஃபைனரியில் வெல்டராக இருக்கிறான். ஆள் கருங்கல். இதற்கு முந்தைய மூன்று லீவிலும் முப்பது பெண்ணாவது பார்த்திருப்போம். ஒவ்வொன்றிலும் நான்தான் ஒரு குறை கண்டுபிடித்தேன். இந்த லீவில் இன்னும் இருபது நாள்தான் பாக்கி.

"இந்தப் பிள்ளைய மட்டும் தட்டிக் கழிச்சிராதக்கா" என்றான். அவன் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

ரிப்போர்ட் வந்தது. பெண்ணுக்கு இருபத்தேழு. தம்பிக்கு நாற்பத்தெட்டு.

லேபில் இருந்த அமலனைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டேன். "ஏலே, யார் எச்சிலை யாருக்கு வச்ச?"

"ரெண்டு தடவ ஓட்டியாச்சுக்கா. வயசாக ஆக செல்லுக்குள்ள அடையாளம் விழும். அதை வச்சுக் கணக்குப் போடுதோம். மெஷினுக்கு உங்க தம்பி மேல என்ன கோவம்?"

மெஷின் பொய் என்று நிரூபிக்க என் எச்சிலையும் கொடுத்தேன். எனக்கு நாற்பத்தொன்று. ரிப்போர்ட்டில் முப்பத்து மூன்று என்று வந்தது.

அருமையான மெஷின். அன்றைக்கே குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். நாத்தனார்கள் மூன்று பேரும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன. தம்பி விஷயத்தில் மட்டும் மெஷினுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்து, அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடி பெண் வீட்டுக்குப் போனேன்.

"எங்க வம்சமே இளமைதான், பாத்துக்கிடுங்க" என்று தம்பியுடையதற்கு மேலே என் ரிப்போர்ட்டை வைத்துக் கொடுத்தேன்.

ப்ரியா என்னுடையதையும் தம்பியுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது தோராயக் கணக்குதான், அப்படியே நம்ப வேண்டாம்" என்றாள். பிறகு தம்பியிடம் கேட்டாள்: "தினம் எத்தனை மணி நேரம் வேலை?"

"பன்னெண்டு. ரிப்பேருக்காகப் பிளாண்ட்ட நிறுத்துற ஷட்டவுன் வந்தா பதினாறு."

"தூக்கம்?"

"கிடைச்சா அஞ்சு மணி நேரம்."

"பதினஞ்சு வருஷமாவா?"

"அக்கா கல்யாணம் இருந்துச்சி. அப்புறம் தங்கச்சிமாரு ரெண்டு பேரு கல்யாணம். பிரசவம், வளைகாப்பு, காது குத்துன்னு வந்துக்கிட்டே இருக்கும்லா" என்று சிரித்தான்.

ப்ரியா சிரிக்கவில்லை. "உடம்புல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. தோலு தேஞ்சா தோலு, ரத்தம் குறைஞ்சா ரத்தம், எல்லாத்துக்கும் அதுதான் ஓயாம பிரிஞ்சு பிரிஞ்சு குடுக்கும். குடுத்துக்கிட்டே இருக்கதால அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நினைச்சிருதோம். அதுவும் தளந்து போயிரும்."

பாடம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

"எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள் அவள். "ஆனா இவுக திரும்பிப் போகக்கூடாது. வெல்டிங் வேலை தூத்துக்குடி ஹார்பர்லயும் இருக்கு, சாகுபுரம் ஃபேக்டரியிலயும் இருக்கு."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் பார்த்ததே இல்லை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வந்தது வேறு.

"இன்னும் ரெண்டே ரெண்டு வருஷம்ல. எங்க வீட்டு மாடி மட்டும் கட்டி முடிஞ்சிரட்டும்."

தம்பி தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எப்போதும்போல, சரிக்கா என்று ஆட்டினான்.

ப்ரியா அதைப் பார்த்தாள். தம்பியின் ரிப்போர்ட்டை மடித்து எழுந்து வந்து என் கையில் கொடுத்தாள். "இதை நீங்களே வச்சுக்கிடுங்கக்கா. எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது கார் ஆறுமுகநேரி தாண்டியது. அப்போது தம்பி கேட்டான்.

"மாடிக்கு எந்த டைல்ஸ்க்கா பாத்திருக்க?"

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அப்போதுகூட, போகாதல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.