அறுபத்தோராவது டப்பா

மூன்று வருஷம் நான் ஊர் ஊராகப் போய்ப் பிச்சை கேட்டேன். சோறு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்டது மலம்.

சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், எனக்குப் பழக்கம்தான். திருக்கோவிலூரில் என் அப்பாவிடம் யாராவது "பொண்ணு விஜயலட்சுமி இன்னா படிக்குது?" என்று கேட்டால், "சயின்ஸ்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

விஷயம் இதுதான். நம் ஒவ்வொருவர் குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சாமையும் கேழ்வரகுக் கூழும் சாப்பிடும் கல்வராயன் மலைக்காரர்கள் வயிற்றில் எவை இருக்கின்றன? வருஷக் கணக்காக வயிற்றுப்போக்கோடு அவதிப்படும் கீழ்நாட்டு விவசாயிகள் வயிற்றில் எவை இருக்கின்றன? இரண்டையும் ஒப்பிட வேண்டும். மலையில் முப்பது பேர், கீழே முப்பது பேர். பாண்டிச்சேரியில் எங்கள் பேராசிரியர் ஆகஸ்டு மாதமே கடிதம் போட்டுவிட்டார்: செப்டம்பர் முடிவதற்குள் இரண்டு பக்கமும் வரவில்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியதுதான். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதை எதோடு ஒப்பிடுவது? மூடினால் என் மூன்று வருஷமும் போச்சு. அப்பா ஒரு ஜாதகத்தை வேறு தயாராக வைத்திருந்தார்.

கீழ்நாட்டில் ஒருவர்கூடத் தரவில்லை. மணலூர்பேட்டை ஆதிமூலம் வீட்டு வாசலில் நான் வாங்கிய பேச்சை மறக்கவே முடியாது. பத்து ஏக்கர் கரும்பு, பெரிய மீசை, பதினோரு வருஷமாக அடங்காத வயிறு. ஊரே சொல்லித்தான் அவரிடம் போனேன்.

"பீ கேட்டு வூட்டு வாசல்ல வந்து நிக்கிறியே, உன்னப் பெத்தவங்களுக்குத் தெரியுமா? போ போ, அந்தாண்ட போ!"

போனேன். நேராக மலைக்கு.

1987 செப்டம்பர் மாதம் நடுவில், கள்ளக்குறிச்சி கொளஞ்சியப்பனின் ஜீப்பில் அறுபது வெள்ளை டப்பாக்களோடும் ஓர் ஐஸ் பெட்டியோடும் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போனேன். முப்பது வீட்டில் முப்பது டப்பாவைக் கொடுத்து, "காலைல இதுல போட்டுத் தாங்க" என்றேன். எதை என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். கீழே வாங்கிய பேச்சு இன்னும் காதில் கிடந்தது.

மறுநாள் காலை முப்பதும் வந்து சேர்ந்தன. முதல் டப்பாவை மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். தேன். இரண்டாவதில் சாமை. மூன்றாவதிலும் சாமை. நான்காவதில் தினை மாவு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பாப்பாத்தி என்று ஒரு பெண், எல்லா வீடுகளிலும் டப்பாவை வாங்கி வந்து சேர்த்தவள், பெருமையாக நின்றாள்.

"ஏம்மா, நான் இதையா கேட்டேன்?"

"நீ இன்னா கேட்டன்னு வெளங்கல. ஆனா வெறும் டப்பாவ எப்படித் திருப்பித் தர்றது? எங்க ஊர்ல ஏனம் சும்மா திரும்பாது. வூட்ல இருக்கறத போட்டுத்தான் குடுப்போம்."

வேறு வழியில்லை. கூச்சத்தை விட்டுவிட்டு, நான் கேட்டது எது என்று பச்சையாகச் சொன்னேன். பாப்பாத்தி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். வீடு வீடாக ஓடி விஷயத்தைச் சொன்னாள். மலையே சிரித்தது என்றால் மிகையில்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இதுக்கா பஞ்சம்!" என்றார்கள்.

கீழ்நாட்டுக்கென்று வைத்திருந்த மீதி முப்பது டப்பாவையும் கொடுத்தேன். அடுத்த நாள் விடிந்ததும் முப்பதிலும் சரக்கு வந்துவிட்டது. ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி மூடினேன். தேனும் சாமையும் இருந்த டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். பாப்பாத்தி என்னை அடிக்காத குறை. அவை ஒரு சாக்கில் ஏறின.

கீழே இறங்கும்போதே கொளஞ்சியப்பன் முனகினார். "டாக்டரம்மா, இன்னிக்கு மறியல் ஆரம்பம்னு பேசிக்கினாங்க." நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் நூறு முறை சொல்லியாகிவிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். அந்த வாரம் மற்ற பல ஊர்களில் நடந்தவை சிரிக்கக்கூடியவை அல்ல, உயிர்கள் போயின. அதை நான் மறக்கவில்லை. ஆனால் மணலூர்பேட்டைக்கு முன்னால் எனக்கு நடந்தது வேறு மாதிரி.

சாலையில் புளியமரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மரத்தின் மேல் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய மீசை. ஆதிமூலம்தான்.

"பாலு, மருந்து, ஆசுபத்திரி கேஸு மட்டும்தான் வுடுவோம். வண்டியத் திருப்பு," என்றவர் என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். "நீயா! அந்தப் பொட்டில இன்னா?"

மறுநாள் சாயங்காலத்துக்கு மேல் ஐஸ் தாங்காது. என் பொறுமையும் தாங்கவில்லை.

"மலம்! மலைக்காரங்க முப்பது பேரோட மலம்! போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் நம்பவில்லை. ஆதிமூலம் எழுந்து வந்து, பின்னாலிருந்த சாக்கை அவிழ்த்து, ஒரு டப்பாவை எடுத்துத் திருகினார். தேன். விரலை விட்டு நக்கிப் பார்த்தார். மீசை மலர்ந்தது.

"அசல் மலைத்தேனு! இத மறைக்கத்தான் அந்தப் பேச்சு பேசினியா? எங்களுக்கு காது குத்தறியா?"

"ஐயா, அது வேற. இந்தப் பொட்டில இருக்கறதுதான்..."

"எல்லாம் ஒரே டப்பாதான!" என்று ஐஸ் பெட்டியைத் திறந்தார். பதினேழாம் எண்ணை எடுத்தார். திருகினார். அதே விரலை நீட்டிக்கொண்டே போனார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கரும்புத் தோட்டத்திலிருந்து காக்காய்கள் கிளம்பின.

விரல் உள்ளே போக ஒரு நூலிழைதான் இருந்தது. அதற்குள் அவர் மூக்கு வேலை செய்துவிட்டது. டப்பாவை என் கையில் திணித்துவிட்டு நாலடி பின்னால் துள்ளினார் பாருங்கள், வயிற்றுக்கோளாறுக்காரர் அப்படித் துள்ள முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மரத்தின் மேல் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

அப்போதுதான் ஆதிமூலத்தின் மனைவி லட்சுமியம்மாள் நாலைந்து பெண்களோடு கூழ் அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினார். நடந்ததைக் கேட்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, எதற்கு இதெல்லாம் என்று விசாரித்தார். நான் சொன்னேன். மலைக்காரர்கள் கொடுத்ததை, அவர்கள் ஊரில் ஏனம் சும்மா திரும்பாது என்பதை, கீழ்நாட்டில் யாரும் கொடுக்காததை, மாதம் முடியப்போவதை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

லட்சுமியம்மாள் கரண்டியோடு புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, எங்கள எவனும் கணக்குல சேக்கலன்னுதான இங்க ரோட்ல வந்து குந்திக்கினு இருக்கற? இந்தப் பொண்ணு உன்ன எண்ணறதுக்கு வூடு தேடி வந்துச்சு. அத வெரட்டி வுட்டுட்ட. இப்ப மலைக்காரங்கள மட்டும் எண்ணிக்கினு போவுது. உன் வயித்த யாரு எண்ணுவாங்க?"

ஆதிமூலம் மீசையைத் தடவினார். வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நான் தர்றன்," என்றார். "இவ்ளோதான, இன்னா இப்ப?"

"யாருக்கெல்லாம் ரொம்ப நாளா வயித்துத் தொந்தரவு?" என்று நோட்டை எடுத்தேன். முதல் கை பிச்சைமுத்துவுடையது. கூலிக்குக் கரும்பு வெட்டுபவர். பிறகு கைகள் முளைத்துக்கொண்டே இருந்தன. எனக்கு எட்டு வருஷம் என்றார் ஒருவர். எனக்குப் பத்து என்றார் இன்னொருவர். வயிற்றுப்போக்கில் இவ்வளவு பெருமை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிச்சைமுத்துவுக்கு முப்பத்தொன்று என்று எழுதினேன். "எனக்கு?" என்றார் ஆதிமூலம். முப்பத்திரண்டு என்றதும் முகம் சுருங்கியது. "மொத கை யாருது?" என்று லட்சுமியம்மாள் கேட்டார். ஆதிமூலம் முப்பத்திரண்டுக்கு ஒப்புக்கொண்டார்.

டப்பாதான் இல்லை. முப்பதிலும் மலைச் சரக்கு இருந்தது. லட்சுமியம்மாளே வழி சொன்னார். சாமையும் மாவும் சமையலுக்குப் போயின. தேன் ஒரு பானைக்குப் போனது, ஒரு பங்கு வழியிலேயே பலர் வாய்க்கும் போனது. காலி டப்பாக்களைக் கழுவி, கொதிக்கும் அண்டாவில் போட்டு அரைமணி நேரம் வேகவைத்தேன். அன்று மறியலில் இருந்த அத்தனை பேருக்கும் சாமைச் சோறு. திருக்கோவிலூரிலிருந்து சைக்கிளில் மரத்தூள் மூட்டையில் புது ஐஸ் கட்டி வந்தது. மறியல்காரர்கள் தடுக்காமல் விட்ட ஒரே ஐஸ் அதுதான்.

மறுநாள் விடிந்தபோது சாலையில் ஓர் ஆள் இல்லை. ஆளுக்கொரு டப்பாவோடு கரும்புத் தோட்டத்துக்குள் மறைந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

"ஆளுங்கள்லாம் எங்கம்மா? மறியல் முடிஞ்சிடுச்சா?"

"ஆராய்ச்சிக்குப் போயிருக்காங்க," என்றார் லட்சுமியம்மாள்.

அவர்கள் மரத்தில் ஏற ஒரு காலைத் தூக்கியதுதான் தாமதம், தோட்டம் சலசலத்தது. முப்பது பேர் டப்பாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். டப்பாவில் என்ன என்பதைக் கொளஞ்சியப்பன் உரக்க அறிவித்தார். தூக்கிய கால்கள் இறங்கிவிட்டன.

அறுபதையும் அடுக்கிப் பெட்டியை மூடினேன். ஜீப் தாண்ட முடியாது. ஆனால் நாலாவது மரத்துக்கு அப்பால் பாண்டிச்சேரிக்குப் போகும் பால் வண்டி நின்றது. பெட்டி கை மாறி, தோள் மாறி, தலை மாறிப் போனது. என் வாழ்நாளில் அதைவிட மரியாதையான ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை. வழியில் மற்ற மறியல்களுக்குக் காட்ட ஆதிமூலம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: "பெட்டியில் இருப்பது நம் ஆட்களுடையது. தடுக்க வேண்டாம். திறக்கவே வேண்டாம்."

எட்டு இடத்தில் நிறுத்தினார்கள். எட்டு இடத்திலும் சீட்டைப் படித்தார்கள். இரண்டு இடத்தில் பிடிவாதமாகத் திறந்தார்கள். பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது ஐஸ் இன்னும் பாதி இருந்தது.

பேராசிரியர் கையுறை மாட்டி, முகத்துக்குத் துணி கட்டி, ஒவ்வொன்றாக எண்ணினார். "ஐம்பத்தொன்பது, அறுபது..." என்றவர் நிறுத்தி, பெட்டியின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். "அறுபத்தொன்று யாருடையது?"

எனக்கே தெரியவில்லை. மலையில் ஏற்றிய சாக்கில் ஒரு டப்பா கூடுதலாக இருந்திருக்க வேண்டும், பாப்பாத்தி வீட்டு டப்பா. அவர் மிக மெதுவாக, முகத்தைத் திருப்பிக்கொண்டே திறந்தார். உள்ளே இறுக அடைத்த வெல்லம். மூடியில் ஆதிமூலத்தின் கோணல் கையெழுத்து: "தேன் கொடுத்த மலைக்காரங்களுக்கு. ஏனம் சும்மா திரும்பக் கூடாதாமே."

நான் ஆய்வுக்கூடத்தின் நடுவில் நின்று அழுதேன், சிரித்தேன். பேராசிரியர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆராய்ச்சி நடக்கட்டும்," என்றார்.

அடுத்த மாதம் வெல்லத்தை மலைக்குக் கொண்டுபோய்ப் பாப்பாத்தியிடம் கொடுத்தேன். அவள் டப்பாவைக் கழுவினாள். நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை, உள்ளே போய்ச் சாமை நிரப்பிக்கொண்டு வந்தாள். அதை மணலூர்பேட்டைக்குக் கொண்டுபோனால், லட்சுமியம்மாள் கரும்புச்சாற்றுப் பாகு ஊற்றிக் கொடுத்தார். என் ஆராய்ச்சி அடுத்த வருஷம் முடிந்தது. அந்த டப்பாவைச் சுமக்கிற வேலை எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை.