கை நனைத்த தூதர்

அமிர்தலிங்கத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. முத்துப்பேட்டைக்கு மேற்கே அக்கா மங்களாம்பிகையின் வீட்டுக்கு வந்து இறங்கியதிலிருந்து வாய்க்கால் கரையில் கிழக்கே நடப்பார், திரும்பி மேற்கே நடப்பார். தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அலைகிறார் என நினைத்து எதிரே வருகிறவர்கள், "இன்னும் வரலைங்க, மேல உள்ளவங்க முறை முடியணும்" என்று தாங்களாகவே பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்குத் தண்ணீரைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டெல்லிக்கு விமானம், அங்கிருந்து புது நாடு. அந்த நாட்டின் பெயரைச் சொன்னபோது அக்கா, "எந்த ஊரா இருந்தா என்னடா, அங்க சோறு கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு காலத்தில் அவர் தஞ்சாவூரில் சரித்திர வாத்தியார். கப்பலில் வந்த வியாபாரிகளும் தஞ்சாவூர் அரண்மனையும் செய்துகொண்ட உடன்படிக்கைகளை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். யார் யாரோடு பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பதில்தான் உடன்படிக்கை இருக்கிறது, கையெழுத்தில் இல்லை என்று வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொல்வார். கடல் எல்லை பற்றிய ஏதோ ஒரு பேச்சுவார்த்தைக்குப் பழைய சங்கதி தெரிந்த ஆள் வேண்டுமென்று டெல்லியிலிருந்து கூப்பிட்டார்கள். போனவர் மூச்சுவிடாமல் பேசினார். எதிர்த்தரப்புக்குக் கோபமும் வரவில்லை, நம் தரப்பு எதற்கும் கட்டுப்படவும் இல்லை. இப்பேர்ப்பட்ட வாயை வகுப்பறையில் வீணாக்கலாமா? பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். முதலில் தூதரகத்தில் கலாசார அதிகாரி. பிறகு படிப்படியாக ஏறி, சின்னச் சின்ன நாடுகளுக்குத் தூதர்.

மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். தான் செய்த காரியம் நல்லதில் முடிந்ததா, நாசமாகப் போனதா என்று தெரியவரும் முன்பே அடுத்த ஊருக்கு விமானம் ஏறிவிடுவார். இதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. மனைவிதான் ஊர் மாறி ஊர் மாறி அலுத்துப்போய்ச் சென்னையிலேயே தங்கிவிட்டாள்.

இந்த முறை அவரை அக்கா கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் மகள் குந்தவைக்கு மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு வரன். பையன் கத்தாரில் இன்ஜினியர். அப்பா இல்லாத பெண் என்பதால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கத் தாய்மாமன்தான் போயாக வேண்டும். அவளுக்கு இருக்கும் தாய்மாமனோ இவர் ஒருவர்தான்.

குந்தவை கோடியக்கரையில் பறவை ஆராய்ச்சிக்காரர்களோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ வரும் உள்ளான் குருவிகளை வலை போட்டுப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுகிற வேலை. அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் மாமாவை மடக்கினாள்.

"மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அம்மாகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நாளைக்குப் போங்க, பேசுங்க. ஆனா முடிச்சுட்டு மட்டும் வந்துடாதீங்க. இழுங்க."

"எதுவரைக்கும்?"

"கார்த்திகை வரைக்கும் இழுத்தாப் போதும். அதுக்குள்ள என் வேலைய நிரந்தரம் பண்ணிடுவாங்க. அப்புறம் நானே அம்மா முன்னாடி நின்னு பேசிக்குவேன். இல்லேன்னா கத்தார்ல ஏசி ரூமுக்குள்ள உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும்."

"இழுக்கறதுதானே என் தொழிலே!" என்று சிரித்தார் அமிர்தலிங்கம். "நீ நிம்மதியாத் தூங்கு. இது நான் உனக்குக் குடுக்கற வாக்கு."

வாக்கு என்று அவர் சொன்னது எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். அந்தப் பெண் அதை அப்படியே நம்பினாள்.

மறுநாள் காலையில் அக்கா அரை டம்ளர் காப்பிதான் கொடுத்தாள். "மாவு புளிக்கலடா. நேரமாச்சு, கிளம்பு. போற வழியில பாத்துக்க." கூட வந்தது தரகர் ரெத்தினம். வழியில் எந்தக் கடையைக் காட்டினாலும், "அங்க எண்ணெய் சரியில்லைங்கய்யா" என்று தலையை ஆட்டினார். மாப்பிள்ளையின் அப்பா குணசேகரன் வாசலுக்கு வந்து கைகூப்பி வரவேற்றபோது உச்சி வெயில் ஏறிவிட்டது. அமிர்தலிங்கத்தின் வயிறு தனியாகப் பேச ஆரம்பித்திருந்தது.

ஆனாலும் என்னமாய்ப் பேசினார்! குணசேகரன் நெல்லும் உளுந்தும் போடுகிற மனிதர், நேர் பேச்சுக்காரர். "பொண்ணுக்குச் சம்மதந்தானுங்களே சார்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களோட மனச மதிக்கிற ரெண்டு குடும்பம் உக்காந்து பேசறதே ஒரு பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன்."

குணசேகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிதானுங்க" என்றார். "தை மாசத்துல வச்சுக்கலாங்களா?"

"தை நல்ல மாசம்."

பொய்யும் இல்லை, வாக்கும் இல்லை. குந்தவை ஒளிந்திருந்து கேட்டிருந்தால் மாமாவின் சாமர்த்தியத்தைப் பார்த்துக் கைதட்டியிருப்பாள் என்று அவருக்குப் பட்டது. அந்த மிதப்பில் இருக்கும்போதுதான் உள்ளே இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். பருப்பு உருண்டைக் குழம்பு வாசனை கூடத்தைத் தாண்டி வந்தது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கடைப்பிடிக்கிறவர்கள் உலகத்திலேயே தூதர்கள்தான். எந்த எதிரியின் விருந்தையும் அவர் மறுத்ததில்லை. தின்றதனால் எந்த நாடும் எந்தத் தீவையும் இழந்ததில்லை என்பது அவருடைய அனுபவம். மாப்பிள்ளையின் அம்மா நிலைப்படியில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகையாக இருக்கும் என்று நினைத்து, குழம்பு பிரமாதம் என்றார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

கொல்லைப்பக்கம் குணசேகரன் போனில் சத்தமாகப் பேசுவது அப்போதுதான் காதில் விழுந்தது. "ஆமாப்பா, முடிஞ்சுது. தாய்மாமனே கை நனைச்சுட்டாரு. மண்டபத்துக்குச் சொல்லிடு."

சம்பந்தம் பேசப் போன வீட்டில் காப்பி வரைக்கும் குடிக்கலாம். சோற்றில் கை நனைத்தால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதிலும் தாய்மாமன் கை நனைத்தால் அப்பீலே கிடையாது. டெல்டாவில் பால்வாடிப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி இது. முன்னூறு வருஷத்துக்கு முந்திய பந்திகளை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய மனிதர், தன் இலையை மறந்துபோனார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சேதி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. குந்தவை வாசலில் நின்றாள்.

"முடிச்சுட்டீங்களே மாமா."

"நான் எதையும் ஒத்துக்கல குந்தவை. ஒரு வார்த்தைகூட..."

"வார்த்தைய யாரு கேட்டாங்க? நீங்க சாப்பிட்டீங்களா இல்லையா?"

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் விளங்கியது.

"அக்கா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன? பசி வந்தா பத்தும் பறந்து போயிடும். உனக்குப் பதினொண்ணும் பறந்து போயிடும். காலைல உனக்கு இட்லி ஊத்தாதது எதுக்குன்னு நினைச்சே?" பிறகு அவள் குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதடா தம்பி. அப்பன் இல்லாத பொண்ணு. குருவிக்குக் கால்ல வளையம் மாட்டிக்கிட்டுத் திரியிது. எனக்கு ஒண்ணு ஆயிட்டா அதுக்கு யாரு இருக்கா? நீ இருப்பியா?"

உலகத்தையே பேச்சில் சுற்றிவிட்டவரை இட்லி ஊற்றாமல் ஜெயித்துவிட்டாள் அக்கா. அன்று முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்கால் கரையில் நடந்து நடந்து, மனசுக்குள் விளக்க அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 'தனிப்பட்ட முறையில் உண்டது', 'உபசாரத்தை மதித்து உண்டது' என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டால் இதுவும் பழைய ஊர்களில் ஒன்றாகப் போய்விடும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவருக்கே அவர்மேல் அருவருப்பாக இருந்தது.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குணசேகரன் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லைங்க. அது எனக்கு முன்னாடியே தெரியும்."

குணசேகரன் அவரையே பார்த்தார். "தெரிஞ்சேவா சார் இலையில உக்காந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப எதுக்குச் சாப்பிட்டீங்க?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எந்த வார்த்தையும் வரவில்லை.

"பசிச்சுதுங்க" என்றார் அமிர்தலிங்கம்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. குணசேகரன் கத்துவார், துண்டை உதறிக்கொண்டு எழுவார் என்று எதிர்பார்த்தார். அந்த மனிதர் மெதுவாகத்தான் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு வேற தாய்மாமன் இல்லீங்களா?"

"இல்லைங்க. நான் ஒருத்தன்தான்."

"பாவங்க அந்தப் பொண்ணு."

எத்தனையோ தலைநகரங்களில் எத்தனையோ பேர் அவரை நாசூக்காக அவமானப்படுத்தியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உறைத்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பிச் சொன்னதும் அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டு வந்து நிக்கிறானே! இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் ஒரு வரனக் கேப்பேன்?" அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய அழுகையும் பொய்யில்லை.

குந்தவை மட்டும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தார்.

"நீங்க ஞாயித்துக்கிழமை போயிடுவீங்க மாமா. அப்புறம் கடைத்தெருவுல, பஸ்ஸுல, எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. யாரையோ மனசுல வச்சுக்கிட்டு, மாமன அனுப்பிப் பேச்ச மாத்த வச்சுட்டாள்னுதான் சொல்லுவாங்க. நீங்க சாப்பிட்டதுக்கு நான் பதில் சொல்லிக்கிட்டுக் கிடக்கணும்." கேட்பது போலக்கூட அவள் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள்.

அமிர்தலிங்கம் எழுந்துபோய் டெல்லிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வர முடியாது, எப்போது வருவேன் என்றும் தெரியாது என்றார். வேறு ஆளைப் போட வேண்டியிருக்குமே என்று அந்தப் பக்கம் தயங்கினார்கள். "போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போய், ரோட்டைப் பார்த்த பெஞ்சில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பதில் சொல்ல ஓர் ஆளாவது இருக்கட்டும். வெகு நேரம் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னங்க, கை நனைச்சுட்டு மாத்திட்டீங்களாமே? பொண்ணு ஏதும்..."

"பொண்ணு மேல ஒண்ணும் இல்லைங்க. அது வேணாம்னுதான் சொல்லிச்சு. இழுத்துட்டு வரேன்னு வாக்குக் குடுத்துட்டுப் போய், பசி தாங்காம உக்காந்து சாப்பிட்டவன் நான்."

தஞ்சாவூர் பஸ் வந்து கடைக்கு முன்னால் நின்றது. "ஏறலீங்களா சார்?" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். அமிர்தலிங்கத்தின் கால் இரண்டும் பரபரத்தன. அவர் தலையை ஆட்டிவிட்டு, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, அடுத்து வந்தவருக்கு இடம் விட்டார்.