திங்கட்கிழமைக் கடல்

எங்கள் ஊர் ஆற்றுநீர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டம் தொடங்கியதும் உள்ளே கடல் வந்தது. கணுக்கால் அளவுதான். கடலைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு பகல் போக வேண்டும் என்பதால் எல்லோரும் குழாய் உடைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பிளம்பர் வந்து ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, "இது என் வேலை இல்ல" என்று போய்விட்டார். மதியத்துக்குள் தண்ணீர் பின்வாசல் வழியே இறங்கியது. அடுத்த திங்கட்கிழமை முழங்காலுக்கு வந்தது.

எங்கள் கூட்டங்கள் எப்போதும், ஆஸ்திரேலிய வழக்கப்படி, அந்த மண்ணுக்கு உரிய பூர்வகுடி மக்களுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்கும். அப்போதுதான் சிட்னி தலைமை அலுவலகம் அதற்கு ஒரு புது வாசகம் அனுப்பியிருந்தது. அதில் சிட்னிக் கடற்கரைக்கு உரிய கேடிகல் மக்களின் பெயர் இருந்தது. எங்கள் ஊரோ விராட்ஜுரி மக்களின் மண். வரவேற்பு மேசையில் இருக்கும் லியோனா விராட்ஜுரிப் பெண். முதல் வாரமே மேலாளர் கிரேயமிடம் இதைச் சொன்னாள். "தலைமை ஆபீஸ் அனுப்பினத நான் எப்படிம்மா மாத்துறது?" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. எதைத் தொட்டாலும் தப்பாகிவிடும் என்று பயந்து எதையும் தொடாதவர்.

வாசகத்தைப் படித்ததும்தான் தண்ணீர் வருகிறது என்பதால், நன்றி சொல்வதில் ஏதோ பிசகு என்று அவருக்கும் பட்டது. எந்தப் பிசகு என்பதில்தான் குழப்பம். சொல்லில் மரியாதை போதவில்லை என்று முடிவுகட்டி, கேடிகல் என்ற பெயரைத் தொடாமல் மற்ற வார்த்தைகளைத் திருத்த ஒரு குழு போட்டார். 'பூர்வகுடிகள்' என்றிருந்ததைப் 'பழங்குடி மக்கள்' ஆக்கினார்கள்; தண்ணீரோடு நண்டும் வந்தது. 'முதல் தேசத்தார்' ஆக்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது, கடற்பறவை ஒன்று பிரின்டர் மேல் கூடு கட்டியது. தேநீருக்கு வைத்த லாமிங்டன் கேக் உப்புக் கரித்தது. வாயைத் திறக்கவே எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பிரெட் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து லியோனாவை மடக்கினான்.

"கோச்சுக்காத. உங்கள என்னன்னு கூப்பிடணும்?"

"லியோனான்னு. இத்தன வருஷமா அப்படித்தானே கூப்பிடுற?"

"அது இல்ல. உங்க ஆளுங்க எல்லாரையும் சேர்த்து?"

"விராட்ஜுரின்னு சொல்லு."

"அது குழு குடுத்த லிஸ்ட்லயே இல்லையே" என்று முனகிக்கொண்டே பிரெட் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனான்.

அலுவலகம் நனைவதைப் பற்றி லியோனாவுக்குக் கவலை இல்லை. பின்வாசலில் இறங்கிய உப்புநீர் நேரே பின்னால் ஓடும் கலாரி ஆற்றின் வளைவில் கலந்தது. யாபி எனும் ஆற்று இறால்கள் செத்து மிதந்தன. அந்த வளைவில்தான் அவள் அண்ணன் டேரல் வலை போடுவான். அலுவலகம் என்று ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த வளைவுதான். கரை மரங்களும் இலை கருகத் தொடங்கின. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுத்த கூட்டத்தின் நடுவே தொலைபேசி அடித்தது. லியோனா எடுத்தாள். சிட்னியிலிருந்து ரோண்டா என்ற கேடிகல் பெண் பேசினாள்.

"தங்கச்சி, திங்கக்கிழமையானா எங்க கடல்ல தண்ணி குறையுது. ஒவ்வொரு ஊரா போன் போட்டுக் கேட்டுட்டு வரேன், அங்க ஏதாச்சும் வந்துச்சா?"

"இங்கதான்க்கா நிக்குது. இடுப்பு வரைக்கும்."

"அங்க யாரு எங்களக் கூப்பிட்டது?"

லியோனா ரிசீவரைக் கிரேயம் பக்கம் நீட்டினாள். "நீங்களே பதில் சொல்லுங்க. வார்த்தைய மட்டும் தொடச்சுத் தொடச்சு வைக்கிறீங்க. எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு அவங்க பேரச் சொல்லி நன்றி சொன்னா, கூப்பிட்டீங்களேன்னு வரத்தானே செய்வாங்க? இந்த ஆறு செத்துப்போச்சுன்னா நாங்க எங்க போறது?"

கிரேயம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அது ஊறிக் கூழாகியிருந்தது. முதலில் ரோண்டாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு லியோனாவிடம், "நான் யாருக்குச் சொல்லணும்? நீயே சொல்லு, நான் சொல்றேன்" என்றார். அவள் சொன்னாள். அவர் விராட்ஜுரி மக்களுக்கும் கலாரி ஆற்றுக்கும் திக்கித் திணறி நன்றி சொன்னார். கடல் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பறவையையும் கூட்டையும் எடுத்துக்கொண்டு, இந்த முறை முன்வாசல் வழியாகப் போனது.

சிட்னியிலிருந்து இன்னும் புதுப்புது வாசகங்கள் வருகின்றன. கிரேயம் லியோனாவைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். மற்றவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். குளிர்காலத்துக்குள் யாபிகள் ஆற்றுக்குத் திரும்பிவிட்டன. அவற்றை வேகவைக்கும்போது டேரல் வீட்டில் இப்போதும் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை.