லேத் பட்டறை எண்ணெய்

எங்கள் சமையல்கட்டுச் சுவரில் வழிந்தது லேத் பட்டறை எண்ணெய். சமையல் எண்ணெய் இல்லை. மெஷினுக்கு விட்டு விட்டுக் கறுத்துப்போன கழிவு எண்ணெய். பக்கத்துப் பட்டறையில் அதை ஒரு பெயிண்ட் டப்பாவில் வாங்கி வந்து, பழைய பனியன் துணியில் தொட்டு, டைல்ஸ் மேல் தேய்த்தவர் என் வீட்டுக்காரர். எண்ணெயைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. தேய்த்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

என் பெயர் ராமாமணி. கோயமுத்தூர் கணபதியில் பங்காரு மெஸ் எங்கே என்று எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பங்காரு என்பது என் வீட்டுக்காரர் பெயர். சமையல் என்னுடையது. மெஸ் கீழே, வீடு மாடியில். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அந்தப் படிகளில் ஏறி இறங்குவதே வேலையாக இருந்தேன், அதில் ஒரு குறையும் எனக்கு இருந்ததில்லை. மேம்பால வேலை என்று ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது. சாப்பிட வருகிறவர்கள் குறைந்தார்கள். ரோட்டில் பள்ளம் இருந்தால் என் குழம்பு என்ன செய்யும்?

இவர் அந்த நேரத்தில்தான் டிவியில் ‘அடுப்பு மாறுது’ பார்க்க ஆரம்பித்தார். ஓடாத ஹோட்டலாகத் தேடிப் போவார்கள். ஒரு பெரிய செஃப் வருவார். திட்டுவார், தட்டைத் தூக்கிப் போடுவார், ஹோட்டல்காரர்களை அழவைப்பார். பிறகு பெயிண்ட் அடித்து, புது போர்டு மாட்டி, கட்டிப்பிடித்துவிட்டுப் போவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டார். அவர்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? நம் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் செய்வதைத்தான் செய்தேன். சமையல்கட்டைத் தேய் தேய் என்று தேய்த்தேன். பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கினேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த டைல்ஸை எலுமிச்சம்பழம் வைத்து உரசினேன். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது சமையல்கட்டைத்தானே? அழுக்கைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்காக விழுந்து விழுந்து சுத்தம் செய்த ஒரே கிறுக்கி நானாகத்தான் இருப்பேன்.

முதலில் வந்தது நந்திதா என்ற பெண். சென்னைக்காரி, ஷூட்டிங்கை ஏற்பாடு செய்கிறவள். உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என்ன ஆன்ட்டி, இவ்ளோ க்ளீனா வச்சிருக்கீங்க? எங்களுக்கு ‘பிஃபோர்’ வேணும். இது இப்பவே ‘ஆஃப்டர்’ மாதிரி இருக்கே!”

நான் அதைப் பாராட்டு என்று நினைத்து அவளுக்குக் காபி கொடுத்தேன்.

அவள் இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். இவருக்கு ‘முடியாது’ என்ற சொல்லே வாயில் வராது. ரோட்டில் போகிற ஆள் மரியாதையாக வந்து, உங்கள் வேட்டியைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டால், அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, “துண்டும் வேணுங்களா?” என்று கேட்கிற மனுஷன். “அதுக்கென்னங்க, பண்ணிப்போடலாமுங்க” என்று சொன்னது எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார்.

“ஏனுங்க, வேண்டாமுங்க. நாளைக்கு நம்ம சனமெல்லாம் பாக்கும்” என்றேன்.

“வந்தவங்க கேக்கறாங்க அம்மணி. மொகத்துல அடிச்சாப்புல முடியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? எல்லாம் கடைக்கோசரந்தானே.”

நான் தேய்த்த டைல்ஸில் அவர் தேய்த்தார். நன்றாகவே தேய்த்தார். வீட்டில் ஒரு ஜன்னலைத் துடைக்கச் சொன்னால் இடுப்பு வலி வந்துவிடும் அவருக்கு.

செஃப் வந்தது மதியம். கேமரா எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பசிக்கிறது என்றார். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் கத்திரிக்காய்ப் பொரியலும் போட்டேன். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “அம்மா, எங்க அம்மா ஞாபகம் வருது” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய் போனால் போகட்டும், நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

பிறகு கேமராவை ஓடவிட்டார்கள். அதே பானையில் இருந்து அதே சோற்றை ஒரு தட்டில் வைத்தார்கள். செஃப் ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு டிஷ்யூ பேப்பரில் துப்பினார்.

“இதையா காசு வாங்கிட்டு மனுஷங்களுக்குப் போடறீங்க?”

நான் இவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்றுதான் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சுக்குங்க” என்றார்.

செஃப் நேராகச் சுவர்ப் பக்கம் போய் விரலால் வழித்து, கேமராவுக்குக் காட்டினார். “எத்தனை வருஷப் பிசுக்கு இது?”

“கொஞ்ச நாளாச்சுங்க” என்றார் இவர். அந்த எண்ணெய் இன்னும் காயக்கூட இல்லை.

“கிச்சன் யார் பொறுப்பு?”

இவர் என் பக்கம் திரும்பினார். திரும்பியதோடு நிறுத்தியிருக்கலாம். “சமையல்கட்டெல்லாம் ஊட்டுக்காரி பாத்துக்கறதுங்க” என்று வாயாலும் சொன்னார். கேமரா என் மேல் வந்தது. நான் அழுதேன். நடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தானாக வந்த அழுகை. இவர் சொன்னதற்காக அழுதேன். பார்த்தவர்களுக்கு அது அழுக்குக்காரி கையும் களவுமாக மாட்டிக்கொண்டு அழுகிற அழுகையாகத் தெரிந்திருக்கும்.

டிவியில் வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நான் அழுகிற இடத்தை மெதுவாக ஓடவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கரப்பான் ஓடியது. அந்தக் கரப்பானை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எந்த ஊர்க் கரப்பானோ. கடைசியில் புது விளக்கு, புது மேசை, ‘கொங்கு டேபிள்’ என்று புது போர்டு. இவர் கைதட்டினார். நான் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சொந்தபந்தங்கள் கூப்பிட்டார்கள். யாராவது ஒருத்தர், “என்ன ராமாமணி, சமையல்கட்டு இப்படியா கெடக்கும்?” என்று கேட்டிருந்தால் நடந்ததைச் சொல்லியிருப்பேன். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்களே. “டிவியில பாத்தோமுங்க, கடை சூப்பரா ஆயிருச்சுங்க” என்பார்கள். அவ்வளவுதான். கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? மாகாளியம்மன் கோயில் பொங்கலுக்கு வருஷா வருஷம் அன்னதானச் சமையலுக்கு என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். இந்த வருஷம், “உங்களுக்கு எதுக்குங்க சிரமம், ஒடம்பைப் பாத்துக்குங்க” என்றார்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

கடை ஓடத்தான் செய்தது. செஃப் அனுப்பிய மாஸ்டர் ஒருத்தர் சமைத்தார். டிவியில் வந்த கடை என்று கூட்டம் வந்தது. சில பேர் உள்ளே எட்டிப் பார்த்து, “அந்தச் சொவரு இதுதானுங்களா?” என்று கேட்டு அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். இவர் ஒதுங்கி நின்று வழி விட்டார். நான் கீழே இறங்குவதை நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் புவனாவின் விருந்து வந்தது. புவனா என் அண்ணன் மகள். கோயமுத்தூரில் காலேஜ் படித்தபோது எங்கள் வீட்டில் தங்கி, என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். காரமடையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். அத்தை வீட்டு விருந்து முக்கியமானது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் இவரிடம் சொன்னேன்.

“ஏனுங்க, நான் சொன்னா சமாளிக்கறான்னு நெனைப்பாங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எண்ணெய் பூசுனது நீங்கன்னு. அவங்க நம்புனாப் போதும், சனத்துக்கே போய்ச் சேந்துரும்.”

தலையைச் சொறிந்தார். “சொல்லிப்போடறேன் அம்மணி” என்றார்.

விடிவதற்கு முன்னால் எழுந்தேன். மாடியில் எங்கள் வீட்டு அடுப்பிலேயே நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். சந்தகை பிழிந்தேன், தேங்காய்ப்பால் எடுத்தேன், ஒப்புட்டு சுட்டேன். புவனாவுக்குப் பிடிக்கும் என்று கொள்ளுப்பருப்பும் கடைந்தேன். சமைத்த கையோடு ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தேன். வருகிறவர்கள் எட்டிப் பார்க்கட்டும் என்று சமையல்கட்டுக் கதவை விரியத் திறந்து வைத்தேன்.

வந்தார்கள். மாப்பிள்ளை நிதீஷ், அவன் அப்பா, அம்மா கோகிலாமணி, எங்கள் புவனா. முகமெல்லாம் சிரிப்பு. ஒருத்தரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பவில்லை. நான் இலையை எடுத்தேன்.

“ஐயோ, வேண்டாமுங்க” என்றார் கோகிலாமணி. “வழியில நம்ம சொந்தக்காரங்க ஊட்டுல புடிச்சுக்கிட்டாங்க. இப்பத்தானுங்க சாப்பிட்டுப்போட்டு வாரோம். வயித்துல எடமே இல்லீங்க.”

விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு உச்சி வெயிலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்! நான் புவனாவைப் பார்த்தேன். கோழிக்குழம்பு வாசம் அவளுக்கு அடிக்காமல் இருக்காது. அவள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“நானும் சாப்பிட்டேனுங்க அத்தை” என்றாள்.

எனக்காகக்கூட இல்லை, அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு பொய் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கு உடம்பு கூசியது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். கோகிலாமணி அதைக் கும்பிட்டு வாங்கிக் கீழே வைத்தார். மாப்பிள்ளைக்குத் தாகம் எடுத்தபோது தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இப்போது சொன்னால் உண்டு, இல்லை என்றால் என்றைக்கும் இல்லை. இவர் நாற்காலி நுனிக்கு வந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்று அவர் சொல்லவே செய்தார்.

“அந்த டிவியில காட்டுனாங்களுங்க, சொவரு… அது லேத் பட்டறை எண்ணெயிங்க. நாந்தான் பூசுனேன். எங்கூட்டுக்காரி சமையல்கட்டைக் கண்ணாடியாட்டம் வெச்சிருப்பாளுங்க. அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

சொல்லிவிட்டார்! இவ்வளவு நாள் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கியது போல் இருந்தது. கோகிலாமணி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் அழகாகச் சிரித்தார். மகன் பக்கம் திரும்பினார்.

“நிதீஷு, கேட்டுக்கோ கண்ணு. பொண்டாட்டியை எப்பிடி வுட்டுக் குடுக்காம பேசறாங்க பாரு. பழியைத் தூக்கித் தன் தலைல போட்டுக்கறாங்க. ஆம்பளைன்னா இப்பிடி இருக்கோணும்.”

“பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

‘இல்லீங்க, நெசமாலுமே நான்தான்’ என்று இவர் கத்த வேண்டாமா? பட்டறைக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்க வேண்டாமா? இவர் இரண்டு கையையும் கூப்பினார். “அட, அப்பிடியெல்லாம் இல்லீங்க” என்றார். நம் ஊரில் நல்லவன் புகழ்ச்சிக்குச் சொல்கிற பதில் அது. அதைக் கேட்டதும் அவர்களுக்கு முழுதாக நம்பிக்கை வந்துவிட்டது. நானே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், இப்படிப்பட்ட புருஷனையும் காட்டிக்கொடுக்கிறாள் பார் என்றிருப்பார்கள்.

புவனாவுக்குப் பட்டுப்புடவையும் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். துணியில் அழுக்கில்லை போலிருக்கிறது. புவனா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினாள். இவர் வண்டிவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். பெரிய மனசு என்று வாங்கிய சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சொல்லிப்போட்டேனே அம்மணி” என்றார்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அதிகாலையிலிருந்து நின்ற கால். “வந்து உக்காருங்க, சோறு ஆறுது” என்றேன். அவர்களுக்காக எடுத்து வைத்த இலைகளில் ஒன்றைப் போட்டேன். சந்தகை வைத்து, கோழிக்குழம்பு ஊற்றினேன். அவர் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் என் சமையலைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. சாப்பிடுவார், கை கழுவுவார், கல்லாவுக்குப் போய்விடுவார்.

“நல்லாருக்குது அம்மணி” என்றார்.

செஃப் துப்பியபோது சொல்லியிருக்க வேண்டிய சொல். அன்று வாயைத் திறக்காத மனுஷன், கேட்க ஆளில்லாத வீட்டில் சொல்கிறார். கரண்டியை வீசிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும் நான். ஆனால் அதைக் கேட்டதும் என் மனசு குளிர்ந்துபோனது. அவர் கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன். டிவியில் அழுதுகொண்டு நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.