மணிக்கு நூற்றைம்பது வெட்டு

கட்டிங் மெஷின் நிற்கட்டும் என்று அவள் நோட்டும் பேனாவுமாகப் பத்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தாள். அது நிற்கிற வழியாகத் தெரியவில்லை. அவள் கணவன் தகட்டை முன்னால் தள்ளுவான், மிதியை அழுத்துவான், பிளேடு தடாலென்று இறங்கும். வெட்டுப்பட்ட துண்டு பின்பக்கம் விழ, அங்கே குனிந்திருக்கும் துணை ஆள் இழுத்து அடுக்குவார். மறுபடி தகடு, மிதி, தடால். பிளேடுக்குக் கீழே விரல் போய்விடாமல் இருக்க வைத்த கம்பித் தடுப்பு, கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டுக்கம்பி புதிது. பளபளவென்று இருந்தது.

தடுப்பு கீழே இருந்தால் சின்னத் துண்டுகளைக் கையால் தள்ள முடியாது, குச்சி வைத்துத் தள்ள வேண்டும். குச்சிக்கு நேரம் பிடிக்கும். கூலியோ வெட்டுக் கணக்கு. ஆகவே காலையில் வந்ததும் தடுப்பைத் தூக்கிக் கட்டுவான், மாலையில் போகும்போது அவிழ்த்து விடுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிளேடு அவனுடைய இடது நடுவிரலில் பாதியை வாங்கிக்கொண்டது. கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்றே பட்டறை அவனுக்கு ‘ஒன்பதரை’ என்று பெயர் சூட்டிவிட்டது. கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்த்தான். மூன்று வாரம் தடுப்பைக் கீழே விட்டு வேலை செய்தான். நாலாவது வாரம் சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஸ்டோரில் கட்டுக்கம்பி கேட்டு நின்றான்.

அவளுக்கு அதே பட்டறையின் ஆபீஸில் வேலை. கடிதம், பில், போன் எல்லாம் அவள் பொறுப்பு. மேஜைக்கு எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால்தான் மெஷின். அவள் நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள், காதால் கேட்டுக்கொண்டே டைப் அடிப்பாள். ஒரு தடாலுக்கும் அடுத்ததற்கும் இடையில் கொஞ்சம் கூடுதலாகச் சத்தமில்லாமல் போனால் அவள் விரல்கள் தாமாக நின்றுவிடும்.

மெஷினின் உடம்பில் விரிசல் விட்டு, இரண்டு தடவை வெல்டிங் வைத்தாயிற்று. மூன்றாவது தடவைக்கு வெல்டர் கையை விரித்துவிட்டார். எனவே புது மெஷின். மூன்று கம்பெனிக்குக் கொட்டேஷன் கேட்டு மதியத்துக்குள் கடிதம் போக வேண்டும் என்று முதலாளி காலையில் சொல்லியிருந்தார். எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நமக்கு எது அவசரம் என்று காட்டக் கூடாது. மூன்று பேரிடம் கேட்கிறோம் என்பது மூன்று பேருக்கும் தெரிய வேண்டும். அளவு மட்டும் அரை மில்லிகூடப் பிசகக் கூடாது. பழைய மெஷின் இறங்கின அன்றைக்கு வாசல் அகலம் பார்க்காமல் சுவரை இடித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

டீ வந்தது, மெஷின் நின்றது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். தகட்டின் கனம், நீளம், கரண்டு, இடம். நாலைந்து பேர் தம்ளரோடு சுற்றி நின்றார்கள்.

மணிக்கு எத்தனை வெட்டு என்று கேட்டபோது, தகடு வளைக்கிற பெண்டிங் மெஷின்காரர் முந்திக்கொண்டு, நூறு தேறினால் பெரிசு என்றார்.

“நூத்தம்பது, எழுதிக்கோ” என்றான் அவள் கணவன். “இவரு ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடுறதுக்குள்ள நான் பத்து வெட்டிருவேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நூற்றைம்பது என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டாள்.

கடிதத்தில் முதலாளி சொன்னது ஆறு வரி. ஏழாவது வரி அவளுடையது. பிளேடுக்குப் பக்கத்தில் கை வந்தால் மெஷின் தானாக நிற்கும் சென்சார் கட்டாயம் இருக்க வேண்டும். ‘கட்டாயம்’ என்பதை அழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டாள். எட்டாவதாக முதலாளிக்குப் பிடித்ததாக ஒன்றைச் சேர்த்து, ஏழாவது துருத்திக்கொண்டு தெரியாதபடி செய்தாள்.

முதலாளி பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நாலாவது வரியில் நூற்றைம்பதுக்கு முன்னால் ‘குறைந்தது’ என்று சேர்த்தார். ஏழாவதில் பேனா நின்றது.

“இது உன் கைவரிசையா?”

“ஆமா சார்.”

“மாட்டுக்கு விலை பேசுறவன் கயிறு எவ்வளவுன்னு கேக்கப்படாதும்மா. கேட்டா அவன் அதுக்கும் ஒரு விலை வைப்பான். மாட்டை முடி, கயிறு தன்னால வரும்.” பேனாவைத் தாடையில் தட்டினார். “சரி, இருந்துட்டுப் போகட்டும். கேட்டு வைப்போம்.”

அவள் சட்டென்று தாளை வாங்கிக்கொண்டாள். அவர் மனசு மாறுவதற்குள் மூன்று கம்பெனிக்கும் மெயில் போயிற்று. மதியச் சாப்பாட்டை அன்றைக்கு அவள் மிச்சம் வைக்கவில்லை.

மூன்று மணிக்கு முதல் போன். கம்பெனிக்காரர் தேனொழுகப் பேசினார். கடிதம் பிரமாதம் என்றார், இவ்வளவு தெளிவாக யாரும் கேட்பதில்லை என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், நாலும் ஏழும் ஒரே வீட்ல குடித்தனம் பண்ணாது.”

சென்சார் இருந்தால் கை முழுசாக வெளியே வந்த பிறகுதான் பிளேடு இறங்கும் என்று விளக்கினார். சின்னத் துண்டுகளுக்கு மணிக்கு நூற்றுப்பத்து, மிஞ்சினால் நூற்றிருபது. குறைந்தது நூற்றைம்பது வேண்டுமென்றால் சென்சாரை மறந்துவிட வேண்டும். எது வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் உடனே விலை அனுப்புகிறேன் என்றார். அரை மணி கழித்து இரண்டாவது கம்பெனிக்காரர் கூப்பிட்டு அதையே கொஞ்சம் விறைப்பாகச் சொன்னார். மூன்றாவது கம்பெனி வாயே திறக்கவில்லை.

அவள் முதலாளியிடம் போகாமல் மெஷினிடம் போனாள். அவன் மிதியிலிருந்து காலை எடுத்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை தகட்டின் விளிம்பில் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“நூத்தம்பதுங்கிறது தடுப்பைத் தூக்கிக் கட்டினாத்தான். உனக்குத் தெரியாததா?”

“தெரியும். எழுதும்போது தோணல.”

“எனக்கும் சொல்லும்போது தோணல” என்றான். பெண்டிங் மெஷின் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

நீங்களே போய் நூற்றுப்பத்துதான் முடியும் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் ஆபீஸ் கதவு திறந்தது. கம்பெனிக்காரர் முதலாளிக்கும் நேராகப் போன் போட்டுவிட்டார் போலிருக்கிறது. முதலாளி இரண்டு பேரையும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

முதலாளி கோபமாக இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவனை உட்காரச் சொன்னார். பேன்டில் எண்ணெய் என்று அவன் நின்றான்.

“நான் இதுல தலையிடல. அங்க நிக்கப் போறது நீ. நூத்திப்பத்து போதும்னு சொல்லு, இப்பவே மாத்தி எழுதச் சொல்றேன். சென்சாரும் வரட்டும்” என்றார். “கூலி மட்டும் வெட்டுக்குத்தான். அது எப்பவும் போல.”

வெளியே மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தான். அவள் மனசுக்குள் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டியது, வாடகை, அவன் அம்மாவுக்கு மருந்து எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவனுக்கும் அதே வரிசைதான் வந்திருக்கும். நாலில் ஒரு பங்கு போனால் எதை நிறுத்துவது என்று அவள் தேடினாள். எதுவும் அகப்படவில்லை.

“வெட்டுக்கு ரேட்டைக் கொஞ்சம் ஏத்திக் குடுத்தீங்கன்னா சார்...” என்றாள்.

முதலாளி சிரித்தார். “கொட்டேஷன் மெஷினுக்கா, உன் வீட்டுக்காரருக்காம்மா?”

அவனும் சிரிக்கப் பார்த்தான். பிறகு, “நூத்தம்பதே இருக்கட்டும் சார்” என்றான். “கை பழகின கைதானே.”

அவள் பக்கம் திரும்பாமல் வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் தடால் கேட்டது.

திருத்தின கடிதத்தை ஐந்து மணிக்குள் அனுப்பு என்றார் முதலாளி. கூடவே, பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் வெறும் வாய்ப்பேச்சாக இருக்க வேண்டாம், அளவு சொன்ன ஆளே கீழே கையெழுத்துப் போடட்டும், ஃபைலில் ஒரு காப்பி இருக்கட்டும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் ஏழாவது வரியின் கடைசியில் போய் நின்று பின்னோக்கி அழித்தாள். வரி முழுசும் போனதும் எட்டாவது தானே மேலே ஏறி ஏழு என்று எண் போட்டுக்கொண்டது. இடையில் ஏதோ இருந்தது என்பதற்கு அடையாளம் இல்லை. அச்செடுத்தாள். தாள் சூடாக வந்தது.

மெஷின் பக்கத்தில் போய் அவனிடம் நீட்டினாள். துணை ஆள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“படி” என்றான்.

சத்தத்துக்கு மேலாகப் படித்தாள். கனம், நீளம், கரண்டு, குறைந்தது நூற்றைம்பது வெட்டு, இடம், வாரண்டி.

“ஏழாவது என்ன?”

“கலர்.”

“என்ன கலர்?”

“நீலம்” என்றாள். “முதலாளிக்குப் பிடிச்சது.”

அவன் தலையாட்டினான். அவள் காட்டின இடத்தில், தகட்டு அடுக்கின் மேல் தாளை வைத்துக் குனிந்தான். மிதியிலிருந்து காலை எடுக்காமலே கையெழுத்துப் போட்டான்.